கிளட்ச் பிளேட்

சாவி தொலைந்த பூட்டு என்றார் டாக்டர்,
கோயம்புத்தூரில், மூன்றாவது மாடியில்.
மகளின் தண்டுவட நீரைச் சோதித்த தாள்
ஃபேன் காற்றில் எழும்பி எழும்பி அடங்கியது.

மறுத்துப் பேசவில்லை. ஆனால்
கோத்தகிரி டெப்போவில் பத்தொன்பது வருஷம்
பஸ்ஸுக்கு அடியில் படுத்தவன் நான்:
சாவி இல்லையென்றால் வண்டி கிளம்பாது.
இங்கே கிளம்பியிருக்கிறது.
அதுதான் சிக்கல்.

பிறகு படம் வரைந்தார்.
நரம்பணுவுக்குள் ஒரு நொதி.
அர்ஜினினும் பிராணவாயுவும் உள்ளே போகும்,
நைட்ரிக் ஆக்ஸைடு வெளியே வரும்.
சில விநாடியே ஆயுசுள்ள வாயு,
கதவு தட்டாமல் சுவர் கடந்து
பக்கத்து அணுவிடம் சேதி சொல்லி
முடிந்துபோகும்.
எங்கள் லைன் வீட்டு ஓட்டு இடுக்கில்
நுழையும் மூடுபனி மாதிரி.

அதற்கு ஒரு துணைப்பொருள் வேண்டும்.
டெட்ராஹைட்ரோபயாப்டெரின்.
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு
குஞ்சப்பனை தாண்டும்வரை
எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
தர்சினி மடியில் தூங்கினாள்.
ஒரு வளைவில் எஞ்சின் அலறியது,
வண்டி ஏறவில்லை,
கருகிய நாற்றம்.
அப்போது விளங்கியது.

கிளட்ச் பிளேட் தேய்ந்தால் எஞ்சின் நிற்பதில்லை.
சுற்றும். டீசல் குடிக்கும்.
சக்கரத்துக்குப் போகவேண்டிய விசை
வழியிலேயே நழுவிச் சூடாகும்.
துணைப்பொருள் குறைந்த நொதியும் அப்படித்தான்:
எலக்ட்ரான் நழுவி
பிராணவாயுவின் தலையில் விழுகிறது.
சேதி பிறக்கவேண்டிய இடத்தில் சூப்பராக்ஸைடு,
கரிப்புகை.
மிச்சமிருக்கும் துணைப்பொருளையும் அது தின்கிறது.
தின்னத் தின்ன இன்னும் புகை.

டோபமைனுக்கும் அதே பொருள்தான் வேண்டுமாம்.
காலையில் தர்சினி படியிறங்கி ஓடுவாள்.
நாலு மணிக்கு இடது பாதம் உள்ளே திரும்பியிருக்கும்.
ஆறு மணிக்கு நான் தூக்கவேண்டும்.
"காலையில நல்லாத்தானே நடந்தே, நடிக்காதே"
என்று ஒருநாள் அதட்டியிருக்கிறேன்.
டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை.

இப்போது மருந்து ஐஸ் பெட்டியில் வருகிறது.
விலையைப் புஷ்பராணி யாரிடமும் சொல்வதில்லை.
தண்ணீரில் கரைத்த கையோடு குடிக்கவேண்டும்,
வைத்திருந்தால் காற்றே அதைக் கெடுத்துவிடும்.
மூளைக்குள் எவ்வளவு போய்ச் சேரும் என்று கேட்டேன்.
குறைவுதான், என்றார். சரியாகத் தெரியாது, என்றார்.
பூட்டு, சாவி எதுவும் சொல்லவில்லை இந்தத் தடவை.

ஆறே கால்.
டெப்போ மேட்டில் செருப்புச் சத்தம்.
இரண்டு கால். ஒன்று கொஞ்சம் இழுக்கிறது.
ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு,
ஐட்லிங்கில் நிற்கும் பஸ்ஸை
ஆஃப் பண்ணச் சொல்கிறேன்.
கேட்கவேண்டும்.