கொக்கி விழும் இடம்

பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் நடுவே
எண்பது மீட்டர் உயரத்தில் என் வேலை.
ஊரில் அதைக் காத்தாடி என்பார்கள்.
உவரிக் கடலில் டெல்வின் விடுவதும்
காத்தாடிதான்.
ஒன்று நட்ட இடத்தில் நின்று காற்றைக் கறக்கும்.
மற்றது ஆளைக் கோத்துக்கொண்டு ஓடும்.

பழைய அரிசிச் சாக்கில், உப்பு வாடையோடு,
இரண்டு ஹார்னெஸ் கொடுத்துவிட்டிருந்தான்.
ஒன்று இடுப்பை மட்டும் சுற்றுவது,
முதுகில் கெட்டி, தொப்புளுக்கு நேரே கொக்கி.
இன்னொன்று உட்காரும் வகை,
தொடைக்குள் நுழைக்க இரண்டு வார்,
கொக்கி நாலு விரல் கீழே.
"இடுப்புல போடுதது கெத்து, அக்கா.
திரும்பலாம், வளையலாம்.
மத்தது பச்சப்பிள்ளைக்குத் துணி கெட்டுன மாதிரி இருக்கும்,
ஆனா மேல ஏறாது.
ஒண்ண வச்சுக்கிட்டு ஒண்ணத் தாங்க."
வாய்ஸ் மெசேஜில் அவனுக்குப் பின்னால் அலை.

கண்ணாடி முன் நின்றால் இது தெரியாது.
தொங்கிப் பார்க்க வேண்டும்.
அதற்கு எங்கள் ஒர்க்‌ஷாப்பை விடத் தோதான இடம்
இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை.
மதியச் சோற்று நேரம்.
கியர்பாக்ஸ் தூக்கும் செயின் பிளாக் சும்மா கிடந்தது.
இசக்கிராஜ் சங்கிலியை இழுத்தான்.
ஸ்டோர் உய்க்காட்டான்
புளியோதரையைக் கையில் உருட்டியபடி
உண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் கெத்தானது.
கால் தரையை விட்டதும்
விலாவை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறி
அக்குளுக்குக் கீழே வந்து நின்றது.
மூச்சு மேல்பாதிக்கு மட்டும்.
"அக்கா, கொடியில சட்ட காயுத மாதிரி இருக்கு."
சிரிக்கவும் இடமில்லை.
பனந்தடி உடம்பு எனக்கு,
பட்டை பிடித்து நிற்க வளைவே கிடையாது.

இரண்டாவதில் உட்கார்ந்ததுமே
தொடைகளுக்குப் புரிந்துவிட்டது.
ஏழு வருடமாகக் கோபுரத்தில்
அவற்றைத் தாங்குவது இதே மாதிரி வார்.
ஏறவில்லை. இறுக்கவில்லை. மூச்சு முழுதாக வந்தது.
கொக்கித் தகடு மட்டும் சரியாக அங்கே உட்கார்ந்தது,
பாளையங்கோட்டையில்
ஃபிலோவை எடுக்கக் கிழித்துத் தைத்த கோட்டில்.
நாலு வருடமாயிற்று,
மழைக்கு முந்தின நாள் இன்னும் நமைக்கும்.
இதை இசக்கிராஜிடம் எப்படிச் சொல்ல?
"இறக்கு" என்றேன்.
"எதை?"
"என்னைத்தான்."

கம்பெனி ஹார்னெஸில் யாரும் எதுவும் கேட்டதில்லை.
அளவு எம். கையெழுத்துப் போடு. ஏறு.
விழாமல் இருக்கக் கட்டுவது அது.
இழுபடவென்றே ஒன்றைக் கட்டிக்கொள்வது
எனக்கு இதுதான் முதல் தடவை,
அதிலும் எது வேண்டுமென்று கேட்டுக் கொடுத்தது.
விலாவா, தையலா?
இரண்டு இரவு, பிள்ளை தூங்கியபின்,
இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு
மெத்தை விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

ஆனி கடைசியில் கச்சான் முறுக்கிய அன்று
மீட்டர் பதினாறு காட்டியது.
யாரும் ஏற வேண்டாமென்று உத்தரவு.
ஸ்கூட்டரை உவரிக்கு விட்டேன்.
டெல்வினின் அண்ணன் ஃபைபர் வள்ளத்தோடு
வெளியே காத்து நின்றார்;
இந்தக் காற்று கைவிட்டால்
ஆளைக் கரைக்குக் கொண்டுவராது.

உட்காரும் வகைதான் போட்டேன்.
தகட்டுக்கும் தையலுக்கும் நடுவில்
குற்றாலத் துண்டை நாலாக மடித்துச் செருகினேன்.
டெல்வின் பார்த்தான், கேட்கவில்லை.
ஒன்பது முறை முகம் குப்புற.
காது, மூக்கு, ஜாக்கெட் எல்லாம் மணல்.
பத்தாவது முறை கொக்கி இழுக்க
இடுப்பெலும்பு பதில் சொல்ல
பலகை தண்ணீருக்கு மேல் வந்தது,
பதினொன்று எண்ணும்வரை.
தலையைத் திருப்பினால் மேற்கே தேரிக்கு அப்பால்
அத்தனை காத்தாடியும் சுற்றுகின்றன,
உள்ளே ஒருவர்கூட இல்லாமல்.
பன்னிரண்டாவதில் விழுந்தேன்.

"எதக்கா திருப்பித் தாரீக?" என்றான் கரையில்.
ஐப்பசி வரட்டும் என்றேன்.
இடுப்புப் பட்டை இன்னும் சாக்கில் இருக்கிறது.
அடிவயிற்றில் தையலுக்கு ஒரு விரல் மேலே,
புதிதாய் ஒரு சிவப்புக் கோடு.
துண்டை ஹேண்டில்பாரில் கட்டி
காயக் காய ஓட்டினேன்,
எதிர்க்காற்றில், இரண்டாவது கியரில்.