நாற்பது

ஜெர்சிக்கு நாற்பது டிகிரி.
தாண்டினால் முதுகு எண்ணின் ஓரம் சுருளும்.
லீக்கில் பிழைக்கவும் நாற்பது புள்ளி வேண்டுமாம்.
முதல் நாற்பது மட்டும் என் பொறுப்பு.

ஆகஸ்டில் உள்நாட்டுக் கோப்பை, முதல் சுற்று.
பால் பண்ணைக்குப் பின்னால் மைதானம்,
நான்காம் பிரிவுப் பையன்கள்,
அதில் ஒருவன் பகலில் கூரைக்கு ஓடு போடுகிறவன்.
பெனால்டியில் விழுந்தோம்.
மூட்டையை அவிழ்த்தால் சாண வாடை.
தோற்ற நாளின் காலுறைகள்
உள்புறம் வெளியாய்ச் சுருண்டு வரும்;
முப்பத்தாறு, எண்ணித் திருப்பினேன்.

பிறகு வியாழக்கிழமைகள் தொடங்கின.

சைப்ரஸிலிருந்து செம்மண் வந்தது,
ஊறவைத்ததும் வாளி முழுக்கத் தேநீர்.
நார்வேயின் செயற்கைப் புல்
கறுப்பு ரப்பர் மணிகளை அனுப்பியது,
இயந்திரத்தின் வடிகட்டி இரண்டு நாள் இருமியது.
பல்கேரியாவில் பனி; சட்டைகளில் வெறும் ஈரம்.
அழுக்கே படாத வெற்றி.
லூடர்ஃபெல்ட் என்ற எங்கள் பெயரை
ஒலிபெருக்கிகள் ஊருக்கு ஒரு விதமாய் உடைத்தன.
ரொட்டிக்கடைக் கால்மையர்
தோற்ற நாட்டின் கொடியை மாவில் சுட்டு
ஜன்னலில் வைத்தார்.
வெள்ளி காலை ஐந்துக்கு
மூட்டைகளை இறக்கிவிட்டு டெட்லெஃப்
"வீப்கே, இன்னும் ஒரு நாடு!" என்பான்,
பாஸ்போர்ட் காலாவதியான என்னிடம்.

ஞாயிறு வேறு கதை.
அதே கால்கள், மூன்று நாளில் மூப்படைந்தவை.
சொந்த மைதானத்துக் களிமண் எனக்கு அத்துப்படி:
முழங்காலில் இருந்தால் பந்துக்காகச் சறுக்கியது,
பின்புறத்தில் இருந்தால்
பந்து போன பிறகு உட்கார்ந்தது.
நவம்பரிலிருந்து பின்புறம்தான்.
வீட்டில் எலி, வெளியில் புலி.

இருபத்தேழாம் எண் மட்டும்
பளிச்சென்று திரும்பி வரும்.
யானிக் ஸ்டூவே, பெஞ்சிலேயே பருவத்தைக் கழித்தவன்.
வெளுத்ததெல்லாம் பால் இல்லை;
அதிலும் வியர்வை இருந்தது,
கோட்டோரம் ஓடி ஓடி
யாரும் கூப்பிடாத வியர்வை.
அதையும் துவைத்தேன். நாற்பதில்.

ஏப்ரலில் அரையிறுதி.
தொண்ணூற்று நான்காம் நிமிடம்
எங்கள் ஆள் ஒருவன் தொடையில் பட்டு உள்ளே போனதாம்.
மூட்டையில் ஒரு சட்டை காலரிலிருந்து நெஞ்சு வரை
கிழிந்திருந்தது.
எதிரணி கிழித்ததல்ல. பல் தடம் இருந்தது.

மே, கடைசிச் சனிக்கிழமை.
எண்பத்தாறாம் நிமிடம் ஸ்டூவேயை இறக்கினார்கள்.
நான் ரேடியோவை அணைத்துவிட்டு
சலவை அறைக் காற்றுக்குழாய் வழியே
கூட்டத்தை மட்டும் கேட்டேன்:
ஓர் எழுச்சி,
ஒரு பெருமூச்சு,
பிறகு டிரம் சுற்றும் சத்தம்தான்.
முப்பத்து மூன்றில் நின்றோம். இரண்டாம் பிரிவு.

இருபத்தேழு வந்தது:
முழங்கைகள் பச்சை,
நெஞ்சில் கோல் கோட்டின் சுண்ணாம்பு.
எந்தப் பக்கத்துக் கோடு என்று நான் கேட்கவில்லை.

ஜூனில் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி
ஐரோப்பியச் சின்னங்களைக் கைகளிலிருந்து உரித்தேன்.
அலுவலகம் கணக்குக் கேட்டது: அறுபத்தாறு.
அறுபத்தைந்து கொடுத்தேன்.
பசை போகவில்லை.
விரல் வைத்தால்
இன்னும் இழுக்கிறது.