உச்சி அங்கால

ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு.
பகல் முழுக்க நடை, மத்தியானம் மீன்சோறு,
காட்டுக்கு நடுவே மலையுச்சி
என்று வாட்ஸப்பில் வந்திருந்தது.
யாழ்ப்பாணத்தில் மலையா என்று
மந்திகைத் தாதிமார் விடுதியே சிரித்தது.
மஸ்கெலியாக்காரி, நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஐந்தரைக்குப் பருத்தித்துறை வெளிச்சவீடு.
வழிகாட்டி றொய்ஸ்டன்
வெறுங்காலோடு நின்றான்.
என் சப்பாத்தைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

வல்லிபுரத்தில் தட்டைவடை, ஒரு தேத்தண்ணி.
பிறகு வெயில்.
பனைகள் விட்டு விட்டு நிழல் தந்தன,
கடன்காரன் தவணை கட்டுவதுபோல.

மணற்காட்டில் சவுக்கமரங்கள் தொடங்கியதும்
கடல் மறைந்தது. அதன் இரைச்சல் மட்டும்
தலைக்கு மேலே ஏறி இருந்துகொண்டது.
ஊசியிலை மெத்தையில்
ஒன்பது பேரின் காலடியும் கேட்கவில்லை.
"அண்ணை, உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"
பபிதாதான் கேட்டாள்.
"ராத்திரி அடிச்ச காத்தைப் பொறுத்தது, தங்கச்சி."

மரம் முடிந்த இடத்தில்
மணல் எழும்பி நின்றது.
மிஞ்சினால் நாற்பது அடி.
லயத்திலிருந்து பீலிக்குப் போகும் ஏற்றமே
இதைவிட அதிகம் என்று
மனதுக்குள் சொல்லிக் காலை வைத்தேன்.
ஓரடி ஏற, முக்காலடி இறங்கியது.
கல்லையும் வேரையும் பற்றிப் பழகிய கைக்கு
பிடிக்க ஒன்றுமில்லை.
சப்பாத்து நிறைந்து கனத்தது.
கழற்றினேன்.
றொய்ஸ்டன் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

மேலே
ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல்,
கீழே மணலில் கழுத்துவரை
பழைய அந்தோனியார் கோயில் சுவர்.
"போன வருசம் உச்சி அங்கால."
அவன் கைகாட்டிய இடத்தில் பள்ளம்.
"இதிலை முந்தி மாமியின்ர கிணறு இருந்தது."
"இப்ப?"
"கிணறு இதிலைதான். நாங்கள்தான் மேல நிக்கிறம்."

எங்கள் பக்கம் மலை அசைந்தால்
நடுச்சாமத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு
பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம்.
ஒருமுறை ஓடியும் இருக்கிறேன்,
தம்பியின் ஒரு செருப்பு என் கையில்.
இங்கே மலை நடந்துகொண்டேயிருக்கிறது.
அதன்மேல் குந்தியிருந்து
எல்லோரும் மீன்சோறு சாப்பிட்டோம்.
சோற்றிலும் கொஞ்சம் மலை.

இரவு விடுதியில் சப்பாத்தைக் கவிழ்த்தேன்.
மேசையில் ஒரு சிறங்கை மணல்,
கூராக, அச்சொட்டாக.
கூட்டித் தள்ள மனம் வரவில்லை.

விடிய எழும்பிப் பார்த்தேன்.
மின்விசிறி அதை
ஒரு சாண் தள்ளி வைத்திருந்தது.