நிற அட்டை

பகலெல்லாம் பல் செய்கிறேன்,
பண்டாரவளை பஸ் நிலையத்துக்கு எதிரே,
பேக்கரிச் சூடு ஏறிவரும் மாடியறையில்.
மெழுகில் ஈறு, அக்ரிலிக்கில் கடைவாய்.
வருகிற எல்லாருக்கும் ஒரே நிறம் வேண்டும்:
வெள்ளை.
கலியாண ஆல்பத்தில் தெரிகிற வெள்ளை.

இரவில்
செம்மஞ்சள் பற்களோடு குடியிருக்கிறேன்.

டொக்டர் நவரத்தினராஜா மெல்பேர்னுக்குப் போனபோது
விட்டுப்போனவை:
சாயாத நாற்காலி ஒன்று,
வசூலாகாத கடன் கொப்பி,
கம்பிக்கூட்டில் இரண்டு டெகு.
எலி என்றால் எலியில்லை, அணில் என்றால் அணிலில்லை,
சிலி நாட்டு மலைக்காரர்கள்.
வால்நுனியில் ஒரு சின்னத் தூரிகை.
உளி, அரம் என்று பெயர் வைத்தது நான்.

அவர் படியிறங்கும்போது சொன்னார்:
"இதுகளுக்குப் பல் மஞ்சளாயிருந்தால் சுகம்.
வெளுத்தால் வருத்தம்.
வளர்வது நிற்காது. தேய்க்கக் கொடு."

கொடுக்கலாம்தான்.
ஊரைச் சுற்றி மரம்தானே.
பைன், பிசின்.
சைப்ரஸ், அதுவும்.
யூகலிப்டஸ் கொப்பைப் பார்த்தாலே எனக்குத் தும்மல்.
இவ்வளவு காட்டுக்கு நடுவே
கடிக்க ஒரு மரமில்லை.
கொழும்பிலிருந்து வரவழைத்த மரக்கட்டை மேல்
இரண்டும் ஏறி உட்கார்ந்தன,
பிரயாணிகள் போல.
கடித்ததெல்லாம் பிளாஸ்டிக் கிண்ணம்,
நள்ளிரவு இரண்டு மணிக்குக் கூட்டின் கம்பி.
கம்பி பல்லைத் தேய்க்காது,
உடைக்கும்.

கார்த்திகை மழையில்
அரத்தின் வாயிலிருந்து புல் நழுவி விழுந்தது.
எடுத்தது. மறுபடி விழுந்தது.
பதுளையில் மிருக வைத்தியர்,
மாடு பார்த்துப் பழகிய கை,
சுண்டுவிரலால் உதட்டை விலக்கினார்,
நீண்டிருந்த நுனியை மட்டம் செய்தார்,
"வேலை கொடுங்கள்" என்றார், பல்லுக்கு.
வீட்டுக்கு வந்து
என் நிற அட்டையை அதன் முகத்தருகே பிடித்தேன்.
பதினாறு நிறம்.
சுகம் என்று ஒன்றுமில்லை அதில்.

ரொஷாந்தன் வந்தது அந்தக் கிழமைதான்.
கவ்வாத்து வெட்டுகிறவன், வயது இருபத்தாறு,
வொலிபோல் கம்பத்தில் மோதி
முன்பல் நான்கு போனவன்.
அச்செடுக்கும் பசை வாயில் இறுகும்வரை
கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.
துப்பிவிட்டுச் சொன்னான்:
"தேயிலையும் இதே கேஸ்தாண்ணே.
விட்டா மரமாயிரும்."

ஞாயிற்றுக்கிழமை உரச்சாக்கில் கொண்டுவந்தான்,
காம்பராவுக்குப் பின்னால் நிற்கும்
மருந்தடிக்காத பேரிக்காய் மரத்துக் கொப்பு.
பல் வேகவைக்கிற சட்டியில் கொப்பை வேகவைத்தேன்,
பேக்கரிச் சுவரில் காயவைத்தேன்,
கூட்டுக்குள் போட்டேன்.
முகர்ந்தன.
மேலே ஏறி உட்கார்ந்தன.

இதுவும் பஸ் சீட்டா என்று
கோபத்தில் ஒரு கொப்பைக் கம்பியில் தொங்கவிட்டேன்.
எடை தாங்காமல் ஆடியது.
உளி எட்டிப் பிடித்தது, அது நழுவியது,
மறுபடி பிடித்தது, இந்தமுறை பல்லால்.
அரம் அந்தப் பக்கமிருந்து இழுத்தது.
ஓ, அசைந்தால்தானா உங்களுக்கு!
இன்னும் மூன்று கட்டினேன்,
ஒன்றின் பட்டைக்குள் காய்ந்த புல்லைச் சொருகினேன்.
விடியும்போது தரையெல்லாம் மரத்தூள்,
சீனி கொட்டினாற்போல.
சீனி மட்டும் இதுகளுக்கு ஆகாது.

நிறம் தெரிவுசெய்ய ரொஷாந்தன் வந்தபோது
அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன்.
உன் மற்றப் பல்லுக்கு இந்த மங்கல்தான் பொருந்தும் என்றேன்,
மஞ்சள்தான் சுகம் என்று பிரசங்கமும் வைத்தேன்.
கூட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"வெள்ளையா வைங்கண்ணே.
நா என்ன மரமா கடிக்கப் போறேன்."

வைத்தேன்.

அதிகாலை.
அரத்தின் வாயை மெல்லத் திறந்து பார்க்கிறேன்,
பல்லின் அடியில், ஈறு தொடங்குமிடத்தில்
நூல்போல ஒரு செம்மஞ்சள்.
அல்லது டியூப்லைட்.
நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்கவேண்டும்,
எங்கள் தொழிலில் முதலில் படிப்பது அது.
ஜன்னலைத் திறந்தால் மூடுபனி,
எதிரே பஸ் நிலையத்தையே காணோம்.
விலகட்டும்.
கொப்பு ஆடுகிறது,
கறுக், கறுக்.