பெறுநர்

பேர்ணாம்பட்டு. இரவு ஷிப்ட் முடிகிற நேரம்.
எடைச்சீட்டை என் கையில் திணித்துவிட்டு
எபிநேசர் பீடி பற்றவைக்கப் போகிறார்.
பதிவேட்டைத் திறக்கிறேன்.

சவ்வு, எண்ணூற்று நாற்பது கிலோ.
பெறுநர்: ராணிப்பேட்டை வஜ்ஜிரக் கம்பெனி.
பச்சைத்தோல் ஓரம், எந்த நாட்டு நாயோ கடித்து விளையாட.
நீலச் சீவல் ஆம்பூருக்கு; அமுக்கி அட்டையாக்கி
ஷூவுக்குள் வைப்பார்கள்,
யாரோ அதன்மேல் நடப்பார்கள்.
மயிருக்குக்கூட ஆள் வருகிறது, பேரம் பேசிக்கொண்டு.

குரோம் சேற்றுக்கு மட்டும்
அந்தக் கட்டம் காலி.
'இருப்பில்' என்று எழுதுவேன்.
நேற்றைய இருப்போடு இன்றையது.
ஏழு வருடமாய்க் கூட்டல் மட்டுமே தெரிந்த கணக்கு.
பின்சுவரோரம் தார்ப்பாய்க்கு அடியில்
என் கையெழுத்து
மூட்டை மூட்டையாய்ப் படுத்திருக்கிறது.

ஐப்பசியில் இரண்டு ராத்திரி விடாமல் அடித்தது.
விடிந்ததும் போய் எண்ணினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு
இருநூற்று ஆறாகியிருந்தது.
கிழிந்த சாக்கு ஆறு.
ஓடைப்பக்கம் பச்சையாய் ஒரு தடம்.

"மொதல் தடவையா கொறஞ்சிருக்கு, நஸ்ரத்"
என்றார் மேனேஜர், சிரிக்காமல்.

பெறுநர் கட்டத்தில் பேனா நிற்கிறது.
பாலாறு, மூன்றே எழுத்து.
இடம் தாராளமாக இருக்கிறது.
அவர்தான் இன்னும் நகரவில்லை
என் தோளுக்குப் பின்னாலிருந்து.