இரண்டு வண்டி உரம்

தருவதாகச் சொல்லியிருந்தாள் விஸ்மா,
ஏப்ரலில், வேலிக்கு மேலாக,
என் பூசணிக்கு இரண்டு தள்ளுவண்டி.
பதிலுக்கு அவள் கூரைத் தகரத்தை
ஒரு சனிக்கிழமை முழுக்கத் தட்டிக் கொடுத்தேன்.

ஜூலையில் வண்டியோடு போனால்
கவைக்கோலை மண்ணில் ஊன்றி
வழிமறித்து நிற்கிறாள்.
"தொடாதே, ஐவார்ஸ்."

பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றிக் காட்டினாள்.
பீட்ரூட் தோல், காப்பிச் சக்கை,
பூஞ்சை பிடித்த கறுப்பு ரொட்டி,
போன இலையுதிர்காலத்துப் பிர்ச் சருகு.
நடுவே
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு
முப்பது வெள்ளை முட்டைகள்.
ஓடு இல்லை, தோல்தான்.
அவள் காலையில் நொறுக்கிப் போட்ட
கோழிமுட்டை ஓடுகள் மேலேயே கிடந்தன.

"கழுத்தில் இரண்டு மஞ்சள் பொட்டு.
ஞாயிறன்று வந்தது. போட்டது. போய்விட்டது."
அப்படியானால் அடைகாப்பது யார்?
"இதுதான்" என்று
குப்பையைத் தட்டினாள்,
பசுவின் விலாவைத் தட்டுவதுபோல.

வாக்கு எனக்குத்தானே முதலில் என்றேன்.
"பூசணி சந்தையில் கிடைக்கும்" என்றாள்.
வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினேன்.
எண்ணெய் காணாத சக்கரம்
குல்டீகாவின் கற்சாலை நெடுக
எனக்காகவும் சேர்த்துத் திட்டிற்று.

ஆகஸ்டில் மழை. ஒன்பது நாள் விடவில்லை.
இறைச்சி வேகும் சூடு பார்க்கிற கருவியைக்
குப்பையில் செருகி வைத்திருந்தாள்.
இருபத்தெட்டு. இருபத்தாறு.
இருபத்திமூன்று ஆன இரவு
என் கதவு தட்டப்பட்டது.
"பச்சைப் புல் இருக்கா? இப்போ வெட்டினதாக இருக்கணும்."

அவள் டார்ச் பிடிக்க
மழைக்கோட்டுக்குள் தண்ணீர் இறங்க
பத்தரை மணிக்குப் புல் அறுத்தேன்.
எதிர்வீட்டுத் திரை ஒதுங்கியது,
மூடிக்கொண்டது.
முட்டையில் படாமல், சுற்றிலும்,
கையால்தான் திணிக்க வேண்டியிருந்தது.
முழங்கைவரை உள்ளே விட்டபோது
கதகதவென்று
ஏதோ உயிருள்ளதின் வயிறு போலிருந்தது.
மொத்தம் இரண்டு வண்டி.
கவனித்தேன். சொல்லவில்லை.

விடிகையில் பெட்டி ஆவி விட்டது.
முப்பது.

செப்டம்பரில் ஒருநாள்
கீறிய தோல்கள் மட்டும் மிஞ்சியிருந்தன.
ஷூ லேஸ் அளவு ஒன்று
என் பூட்ஸைக் கடந்து
நெட்டில் செடிக்குள் போனது,
யாரிடமும் எதுவும் சொல்லாமல்.

பூசணி ஒன்றே ஒன்று காய்த்தது,
கைமுட்டி அளவுக்கு.
சூப்புக்கும் போதவில்லை.
தோலையும் குடலையும் தட்டில் ஏந்திப் போனேன்.
விஸ்மா மூடியைத் தூக்கிப் பிடித்தாள்.

அடுத்த ஏப்ரலில் மூன்று வண்டி என்றேன்.
"அதைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றாள்,
நெட்டில் பக்கம் கைகாட்டி.