வியாழன், நாலு ஐம்பத்தொன்று

சிவப்பு மை ஜனவரியில் ஓய்வு பெற்றது.
இப்போது நீலம்.
உறையின் வலது மேல்மூலையில்
குறுக்கெழுத்துப் புதிரொன்றை நொறுக்கி
ஒரு சிட்டிகை அள்ளிப் போட்டதுபோல்
சின்னச் சதுரம்.
அதற்குள் இருக்கிறதாம்
எந்த இயந்திரம், என்ன எடை, எவ்வளவு காசு,
எந்த நாள், எந்த ஊர்க்குறியீடு.
ஸ்டாம்பைவிட உறைக்கு இத்தனை பென்ஸ் மிச்சமென்று
விற்க வந்தவர் மேசைமேல் விரலால் எழுதிக் காட்டினார்.
ஸ்டேவ்லி கையெழுத்துப் போட்டார்.
மாதாமாதம் அறிக்கை வாசிக்கும் வேலை எனக்கு.

ஹல் நகரில், ஹம்பர் ஆற்றுக்கு
முதுகு காட்டி நிற்கும் கட்டடம்.
காதுக் கருவிகளுக்கு பேட்டரி அனுப்புகிறோம்.
கீழ்த்தளத்தில் நோரீன் பிளான்சார்டும்
அவளைவிடச் சத்தமாய்ப் பேசும்
ஃபிராங்கிங் இயந்திரமும்.
நாளுக்கு எழுநூறு கடிதம்:
பில், நினைவூட்டல், நினைவூட்டலுக்கு நினைவூட்டல்.
சதுரத்துக்குப் பக்கத்தில்
விளம்பரத்துக்கென்று ஓர் இடம் உண்டு.
'நன்றாகக் கேட்கிறதா?' என்று அச்சிடச் சொன்னார் ஸ்டேவ்லி.
பாக்கி கேட்டுப் போகும் உறையிலும்
அதே கேள்விதான்.

மார்ச் அறிக்கையில்
ஒரு வரி முள்ளாய் நின்றது.
வியாழன், 4.51. முதல் வகுப்பு. ஒரே ஓர் உறை.
முந்தைய வியாழனும் அப்படியே.
அதற்கு முந்தையதும்.
எந்த வாடிக்கையாளர் கணக்கிலும் ஒட்டாத காசு.

திருட்டு என்ற சொல்லை
வெளியே விடாமல் ஒரு வாரம் மென்றேன்.
யாருக்கு எழுதுகிறாள்?
சதுரத்துக்கு ஆள்பெயர் தெரியாது.
ஊர்க்குறியீட்டைத் தட்டினேன்.
வரைபடம் சுழன்று, இறங்கி,
ஆற்றோரமாய் நகர்ந்து வந்து
என் தலைமேலேயே ஊசி குத்தி நின்றது.
எங்கள் கட்டடம்.

கீழ்த்தளத்தில் கிளம்பி
லீட்ஸ் வரை போய்,
பட்டையில் ஓடி, லேசர்க் கண்ணுக்கு முகம் காட்டி
மறுநாள் காலை
அதே கீழ்த்தளத்துக்கு இறங்கும் கடிதம்.
போன மச்சான் திரும்பி வந்தான்,
டீசல் வாசத்தோடு.

படியிறங்கினேன்.
கையில் அறிக்கை, தொண்டையில் தயாரித்த வாக்கியம்.
நோரீன் தலை நிமிராமல்
ஓர் அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளிவிட்டாள்.
உள்ளே பதினோரு உறைகள். பிரிக்காதவை.
ஒன்றில் மழை.
ஒன்றில் யாரோ மிதித்த பூட்ஸின் பல்வரிசை.
ஒன்றில், சன்னலுக்குள் தாள் வழுக்கி
முகவரியில் பாதித் தெரு காணாமல் போயிருந்தது.
இன்னொன்றில் நீலச் சதுரம்
உருளையில் தேய்ந்து
அழுத கண்மை போல.

"போச்சா வந்துச்சான்னு கம்ப்யூட்டர் சொல்லிடும்.
எந்த லட்சணத்துல வந்துச்சுன்னு
உறையைத்தான் கேக்கணும்.
பிப்ரவரியில உறைக் கம்பெனியை மாத்தினேன்.
போன வாரம் மடிப்பை அரை இஞ்ச் இறக்கினேன்.
பில்லே வரலைன்னு கத்துற போன் குறைஞ்சிருக்கா இல்லையா?"

குறைந்திருந்தது.
அதற்காக ஸ்டேவ்லி
புது இயந்திரத்தைப் பாராட்டி
எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்.

ஒன்றைப் பிரிக்கட்டுமா என்றேன்.
தோளைக் குலுக்கினாள்.
மூன்றாய் மடித்த வெள்ளைத்தாள்.
ஓர் எழுத்தில்லை.
"எடை சரியா வரணும்ல."

மேலே வந்து
எந்தத் தலைப்பில் செலவெழுதுவதென்று
வெகுநேரம் பட்டியலை உருட்டினேன்.
தரக் கட்டுப்பாடு என்று ஒன்று இல்லவே இல்லை.
'பராமரிப்பு' இருந்தது.
ஜன்னல் துடைப்பதற்கும் புகைபோக்கிக்கும் நடுவில்
பதினோரு ஸ்டாம்புக் காசு.

அடுத்த வெள்ளிக்கிழமை
என் பெயருக்கே ஓர் உறை.
நீலச் சதுரம், நன்றாகக் கேட்கிறதா,
உள்ளே அதே வெள்ளைத்தாள்.
கீழ்மூலையில் மட்டும் பென்சிலில்:
'நனைஞ்சிருந்தா சொல்லு.'

ஒரு முனை லேசாய் நனைந்திருந்தது.
சொல்லப் போனேன்.